மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய காரின் ஆயிலை லேபுக்கு அனுப்பிப் பார்த்ததில்

ஒரே ஒரு தடவை அனுப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவோம் என்று நினைப்பவர்கள், உள்ளே என்ன தேய்கிறது என்று பார்க்க வடித்த எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்பவே வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஆயில் ஃபில்டர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆயில் மாற்றத்தின்போதும் அலுக்காமல் சாம்பிள் எடுத்து அனுப்பி, வந்த ரிப்போர்ட்டுகளை அடுக்கி வைத்துப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தச் சேவை பயன்படும். நான் அந்த ரகம் என்பதால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்லத்தான் போகிறேன்.

முதலில் காரைப் பற்றி. நாலு சிலிண்டர் பெட்ரோல், டர்போ கிடையாது, பழைய பாணி போர்ட் இன்ஜெக்‌ஷன், டைமிங் செயின். ஆயில் 4.2 லிட்டர் பிடிக்கும், 5டபிள்யூ-30 என்ற கிரேடு. மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியதும் ஆளாளுக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். நண்பர்கள் தள்ளிவிடச் சொன்னார்கள். எங்கள் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு லட்சம் தாராளமா ஓடும் சார்" என்றார். வீட்டில் மனைவி கேட்ட கேள்விதான் நியாயமானது: "ஓடும்னு எதை வச்சுச் சொல்றீங்க?" எஞ்சினைப் பிரிக்காமல் அதற்குப் பதில் சொல்ல வழி இருக்கிறதா என்று தேடியபோதுதான் இந்தப் பரிசோதனை கண்ணில் பட்டது.

விஷயம் புதிதொன்றும் இல்லை. 1946-லேயே அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே தன் டீசல் எஞ்சின்களின் பழைய ஆயிலில் என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று பார்த்து, உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டது. அப்புறம் ராணுவ விமானங்கள், கப்பல்கள், சுரங்க லாரிகள் என்று பரவி, சாதாரணக் கார்க்காரனின் கைக்கு வந்து சேர்ந்தது. லேப் அனுப்புகிற சின்ன பாட்டிலில் ஆயிலைப் பிடித்து, படிவத்தைப் பூர்த்தி செய்து திருப்பி அனுப்புகிறோம். அவர்கள் அதைக் கரைப்பானில் கலந்து, பல ஆயிரம் டிகிரி சூடான ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தூவுகிறார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளத்தில் ஒளிவிடும். எந்த ஒளி எவ்வளவு என்று அளந்தால், இரும்பு இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று கணக்கு வந்துவிடுகிறது. சுழலும் கிராஃபைட் தட்டில் ஆயிலை எடுத்து மின்பொறி வைத்து எரிக்கிற முறையும் உண்டு. இதோடு 100 டிகிரி செல்சியஸில் பாகுத்தன்மை, ஃபிளாஷ் பாயிண்ட் (ஆயிலின் ஆவி தீப்பற்றுகிற வெப்பநிலை), தண்ணீர், எரிபொருள் கலப்பு, கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம்) கலப்பு எல்லாம் பார்ப்பார்கள்.

உலோகங்களின் அளவு பிபிஎம் கணக்கில் வரும், அதாவது எடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. என் காரில் இருக்கும் ஆயில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ எடை. அதில் இரும்பு 20 பிபிஎம் என்றால் மொத்தமாகச் சேர்ந்திருப்பது 70 மில்லிகிராம்தான். எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடி, லைனர், கிராங்க், கேம், செயின் எல்லாம் சேர்ந்து உதிர்த்தது ஒரு சிட்டிகைகூட இல்லை. முதல் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு எஞ்சின் மேல் மரியாதையே வந்தது.

சாம்பிள் எடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்தச் சேவையின் மொத்த நம்பகத்தன்மையும் நம் கையில் இருக்கிற இடம் இது. காரை நன்றாக ஓட்டி, ஆயில் முழுச்சூட்டுக்கு வந்த பிறகு எடுக்க வேண்டும். ஆறிக் கிடக்கிற எஞ்சினில் கனமான துகளும் தண்ணீரும் சம்ப்பின், அதாவது கீழே இருக்கிற ஆயில் தொட்டியின், அடியில் உட்கார்ந்திருக்கும். டிரெயின் போல்ட்டைச் சுற்றி இருக்கிற அழுக்கை முதலில் துடைத்துவிடுவேன், இல்லையென்றால் அந்த மண்ணே சிலிக்கானாக ரிப்போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக, தடிமனாகப் பீய்ச்சும். அதைப் பிடிக்கக் கூடாது. முதல் ஓட்டத்தைக் கீழே டிரேயில் விட்டுவிட்டு, ஓட்டம் மெலிந்து சீராக விழ ஆரம்பித்ததும் பாட்டிலை நீட்டி முக்கால் அளவு பிடித்து உடனே மூடிவிட வேண்டும். கையுறை கட்டாயம், சூடு தோலை உரித்துவிடும். டிரேயில் வடிந்து கிடக்கிற ஆயிலை அப்புறமாக அள்ளி ஊற்றுவது வீண்வேலை. அந்த டிரேயில் போன முறை எந்த வண்டியின் ஆயில் இருந்ததோ, யாருக்குத் தெரியும்? ஆயிலை மாற்றாமல் சாம்பிள் மட்டும் வேண்டும் என்றால் டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சலாம்.

படிவத்தில் மூன்று விவரங்கள் உயிர்நாடி. அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, என்ன ஆயில், நடுவில் எவ்வளவு ஊற்றினோம். மூன்றாவதைப் பலர் வெறுமனே விட்டுவிடுகிறார்கள். பழைய காருக்கு அதுதான் முக்கியம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ரிப்போர்ட் ஒரே பக்கம்தான். மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டை, கீழே லேப்காரரின் நாலு வரிக் கருத்து, நடுவில் எண்கள். நான் பச்சையையும் சிவப்பையும் பார்ப்பதே இல்லை. கருத்தைக் கடைசியாகப் படிப்பேன். எண்களில்தான் கதை இருக்கிறது. இரும்பு என்றால் பெரும்பாலும் லைனர் (சிலிண்டர் சுவர்), கிராங்க், கேம், செயின். குரோமியம் பிஸ்டன் ரிங்கிலிருந்து வரும். அலுமினியம் பிஸ்டனிலிருந்து. ஈயமும் வெள்ளீயமும் செம்பும் பேரிங்குகளிலிருந்து. செம்பு ஆயில் கூலரிலிருந்தும் கசியலாம், அது தேய்மானக் கணக்கில் வராது. சிலிக்கான் வெளித்தூசி. பொட்டாசியமும் சோடியமும் கூலண்ட். கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம், போரான் ஆகியவை ஆயில் கம்பெனி போட்ட மருந்துகள்.

எல்லோரும் இதை ரத்தப் பரிசோதனை என்கிறார்கள். பாதிதான் பொருந்தும். ரத்தத்தை நாம் சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதில்லையே! ஆயில் மாற்றிய அன்று எண்கள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குப் போய்விடுகின்றன. அங்கிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறுகின்றன. எனவே "இரும்பு 30" என்ற எண்ணுக்குத் தனியாக எந்த அர்த்தமும் இல்லை. நாலாயிரம் கிலோமீட்டரில் 30 என்றால் யோசிக்க வேண்டும், பதினைந்தாயிரத்தில் 30 என்றால் அருமையான எஞ்சின். நான் எப்போதும் ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்துத்தான் எழுதி வைக்கிறேன். இந்த வகுத்தலை லேப் ரிப்போர்ட்டிலேயே அச்சடித்துத் தந்தால் என்ன குறைந்துவிடும் என்பது என் நீண்ட நாள் முணுமுணுப்பு.

என் கார் எட்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியதாகக் கேள்விப்பட்ட அதிசய வண்டிகளில் ஒன்று இல்லை. ஆனாலும் முதல் ரிப்போர்ட் நன்றாகவே வந்தது. 8,000 கிலோமீட்டர் ஓடிய ஆயிலில் இரும்பு 16, அலுமினியம் 4, குரோமியம் 1, செம்பு 5, ஈயம் 2, சிலிக்கான் 9. பாகுத்தன்மை 10.2 சென்டிஸ்டோக். ஆயில் கிரேடுகளை வகுக்கிற எஸ்ஏஇ அமைப்பின் கணக்குப்படி 30 கிரேடு ஆயில் 100 டிகிரியில் 9.3-லிருந்து 12.5-க்குள் இருக்க வேண்டும், அதற்குள் சௌகரியமாக இருந்தது. ஓடோமீட்டர் எண் பெரிதாக இருந்தால் தேய்மான எண்களும் பெரிதாக இருக்கும் என்பது பொதுவான நினைப்பு. உண்மையில் புத்தம்புது எஞ்சினின் முதல் ஆயிலில்தான் இரும்பும் செம்பும் சிலிக்கானும் கொட்டிக் கிடக்கும். பாகங்கள் ஒன்றோடொன்று உரசிப் பழகுகிற காலம் அது. பழகி முடித்த எஞ்சின் அமைதியாகத்தான் ஓடும்.

இரண்டு மூன்று ரிப்போர்ட் இதே மாதிரி வந்தது. கொஞ்சம் சலிப்புகூடத் தட்டியது. அப்புறம் ஒரு ரிப்போர்ட் வந்தது பாருங்கள். அதே 8,000 கிலோமீட்டர், அதே ஆயில். இரும்பு 37. அலுமினியம் 11. குரோமியம் 3. சிலிக்கான் 33. ஈயம் அதே 2, செம்பு 6.

இந்த ஒரு ரிப்போர்ட்டுக்காகவே நான் இதுவரை கட்டிய பணமெல்லாம் வரவு என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கூடியிருப்பவை நாலு: இரும்பு, அலுமினியம், குரோமியம், சிலிக்கான். கூடாதவை ஈயமும் செம்பும். தூசி என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும்தான். அது காற்று வழியாக உள்ளே போனால் முதலில் தேய்ப்பது சிலிண்டர் சுவரை, ரிங்கை, பிஸ்டனை. அதாவது இரும்பு, குரோமியம், அலுமினியம். பேரிங்குகள் கீழே இருக்கின்றன, அங்கே ஃபில்டர் வழியாக வடிந்த ஆயில்தான் போகிறது, அதனால் ஈயம் இன்னும் அசையவில்லை. எஞ்சினில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாமல், சேதம் மேலே நடக்கிறது, கீழே இன்னும் இறங்கவில்லை, வழி காற்றுப் பாதை என்று தாளே சொல்லிவிட்டது. காரில் வேறெந்த அறிகுறியும் இல்லை. இழுவை குறையவில்லை, சத்தம் இல்லை, மைலேஜ் அப்படியே, எந்த விளக்கும் எரியவில்லை.

லேப்காரர் எழுதியது ஒரு வரி: ஏர் ஃபில்டரைச் சரிபார்க்கவும். மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். "ஃபில்டர் புதுசுதானே சார், நம்ம கையாலதானே போட்டோம்" என்றார். புதுசுதான். ஆனால் பெட்டியைத் திறந்து பார்த்தோம். மேல்மூடியைப் பிடிக்கிற கிளிப்புகளில் ஒன்று அழுத்தமே இல்லாமல் தொளதொளவென்று இருந்தது. ஃபில்டரின் ஓரத்து ரப்பர் அந்த மூலையில் மடங்கி உள்ளே சரிந்திருந்தது. அது வெளிச்சந்தை ஃபில்டர், கம்பெனி பெயர் வேண்டாம், ரப்பர் விளிம்பு பார்க்கும்போதே ஒல்லியாகத் தெரிந்தது. ஃபில்டரைத் தாண்டி, சுத்தமான காற்று போக வேண்டிய பக்கத்துச் சுவரில், சரியாக அந்த மூலையிலிருந்து ஆரம்பித்து நாக்கு நீட்டினது போல ஒரு தூசிக் கோடு. விரலால் தடவினால் மாவு மாதிரி ஒட்டியது. த்ராட்டில் வாயிலும் அதே பழுப்புப் படலம். அண்ணன் விரலைப் பார்த்தார், என் கையில் இருந்த தாளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கிளிப்பை மாற்றினோம், கார் கம்பெனியின் ஒரிஜினல் ஃபில்டரைப் போட்டோம், விளிம்பு முழுக்க உட்கார்ந்ததா என்று விரலை விட்டுச் சுற்றிப் பார்த்து மூடினோம்.

அடுத்த ரிப்போர்ட்டில் சிலிக்கான் 14, இரும்பு 22. அதற்கடுத்ததில் 10-ம் 17-ம். ஒரே தாவலில் கீழே வராததற்குக் காரணம் உண்டு. ஆயில் மாற்றும்போது எல்லாமே வடிந்துவிடுவதில்லை, பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குழாய்களிலும் இடுக்குகளிலும் தங்கிவிடும். தங்கின தூசியும் கொஞ்ச நாள் வேலையைக் காட்டும்.

சரி, சிலிக்கான் ஏறினாலே தூசிதானா? அதுவும் இல்லை. பின்னொரு சமயம் வால்வ் கவர் கேஸ்கெட் மாற்றி, மூலைகளில் சிலிக்கான் சீலண்ட் தடவினார்கள். அடுத்த ரிப்போர்ட்டில் சிலிக்கான் 26. இரும்பு, அலுமினியம், குரோமியம் மூன்றும் இருந்த இடத்திலேயே. சீலண்டிலிருந்து கசிந்த சிலிக்கான் எதையும் தேய்க்காது, வந்த மாதிரியே போய்விடும். லேப்காரர் அப்போதும் ஏர் ஃபில்டரைப் பார்க்கத்தான் சொன்னார். கேஸ்கெட் மாற்றியதைப் படிவத்தில் எழுதியிருந்தேன். படிக்கவில்லை போல.

இங்கே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எண்களில் எனக்குப் பூரணத் திருப்தி. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கருத்துரைக்கு இரண்டுதான். ஒருமுறை வேறு ஆயிலுக்கு மாறினேன். வந்த ரிப்போர்ட்டில் சிவப்புப் பட்டை: சோடியம் 210, கூலண்ட் கசிவு இருக்கலாம், உடனே கவனிக்கவும், ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கவும். பழைய கார்க்காரனுக்கு ஹெட் கேஸ்கெட் என்ற சொல்லைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனால் பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தால் பொட்டாசியம் 1, தண்ணீர் இல்லை, கூலண்டின் முக்கியச் சரக்கான கிளைகால் இல்லை, ஈயமும் செம்பும் ஏறவில்லை. கூலண்ட் தொட்டியில் மட்டம் குறையவே இல்லை. கூலண்ட் ஆயிலில் கலந்தால் கிளைகால் சிதைந்து அமிலமாகிப் பேரிங்குகளைத்தான் முதலில் பதம் பார்க்கும். தண்ணீர் சூட்டில் ஆவியாகிப் போனாலும் ஈயம் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எதுவும் இல்லை.

சில ஆயில்களில் அழுக்கு நீக்கும் மருந்தாகவே சோடியம் சேர்ந்த பொருளைப் போடுவார்கள். எனவே டின்னில் மிச்சமிருந்த புது ஆயிலையே ஒரு பாட்டிலில் ஊற்றி அனுப்பினேன். எஞ்சினையே பார்க்காத அந்த ஆயிலிலும் சோடியம் 200-க்கு மேல். ஆயிலின் பெயரும் ரகமும் படிவத்தில் தெளிவாக எழுதியிருந்தும், அதை ஒரு கணம் பார்த்திருந்தால் கண்டுகொண்டிருக்கக்கூடிய விஷயத்துக்கு என்னைக் கலவரப்படுத்தியது எரிச்சலாகத்தான் இருந்தது. மின்னஞ்சல் போட்டேன். நாள் கடத்தி, மன்னிப்பு எதுவும் கேட்காமல், பட்டையைப் பச்சையாக்கித் திருத்திய தாள் அனுப்பினார்கள். அதனால் புதிய ஆயிலுக்கு மாறும்போது அந்தப் புது ஆயிலையும் ஒரு முறை அனுப்பி அடிப்படை எண்களை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கால்சியம், மக்னீசியம் அளவெல்லாம் பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். 2020-ல் வந்த ஏபிஐ எஸ்பி என்ற தரக்குறியீடு உள்ள ஆயில்களில் பலவற்றில் கால்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டியிருப்பார்கள், டர்போ எஞ்சின்களில் நேரத்துக்கு முன்பே வெடித்தெரிவதைத் தடுப்பதற்காக. பழைய ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்துவிட்டுக் கால்சியம் எங்கே போனது என்று தேடக் கூடாது.

இப்போது, நடுவில் ஊற்றுகிற ஆயில். மூன்று லட்சம் ஓடிய எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். என் கார் ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு லிட்டர் வரை கேட்கிறது. புதிதாக ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் தேய்மான உலோகத்தை நீர்த்துப்போகச் செய்கிறது. போதாததற்கு, எரிந்துபோகிற ஆயில் தன்னோடு கொஞ்சம் உலோகத்தையும் கொண்டுபோய்விடுகிறது. ஆக, நிறைய ஆயில் குடிக்கிற எஞ்சினின் ரிப்போர்ட் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு கார்களில் இரும்பு ஒரே 18 காட்டலாம். ஒன்று சொட்டு ஆயில்கூடக் கேட்காத கார், மற்றது நடுவில் இரண்டு லிட்டர் குடித்த கார். இரண்டாவதுதான் அதிகம் தேய்கிறது, ஆனால் தாள் அதைச் சொல்லாது. அதனால் எவ்வளவு ஊற்றினேன் என்பதை நான் டாஷ்போர்டுப் பெட்டியில் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். ஊற்றும் அளவு கூடிக்கொண்டே போய், இரும்பும் குறையாமல் நின்றால், தேய்மானம் கூடுகிறது என்றுதான் பொருள். இதை எந்த லேப்காரரும் எனக்கு எழுதிச் சொன்னதில்லை. அவர்களைக் கேட்டால் சராசரியோடு ஒப்பிட்டு நன்றாக இருக்கிறது என்பார்கள்.

சராசரி பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மாதிரி எஞ்சின்களின் சராசரியை ரிப்போர்ட்டில் ஒரு கட்டத்தில் தருகிறார்கள். முதல் தடவைக்கு அது உதவும். மூன்றாவது ரிப்போர்ட்டிலிருந்து என் காருக்கு என் காரின் பழைய எண்கள்தான் அளவுகோல்.

இன்னொரு சின்னச் சம்பவம். ஒரு ரிப்போர்ட்டில் பாகுத்தன்மை 8.6-க்கு இறங்கியிருந்தது, 30 கிரேடுக்கே கீழே. ஃபிளாஷ் பாயிண்டும் இறங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம். இன்ஜெக்டர் ஒழுகுகிறதோ என்றுதான் முதலில் தோன்றும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடரை மாட்டிப் பார்த்தால் கூலண்ட் சூடு நெடுஞ்சாலையில் எழுபதுகளிலேயே நின்றது. எஞ்சின் சூடாகும்வரை கூலண்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் தடுக்கிற தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடியதால், கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருந்தது. அது சுவர் வழியாக இறங்கி ஆயிலில் சேர்ந்தது. முழுச்சூடு வராததால் ஆவியாகவும் வழியில்லை. டாஷ்போர்டு முள் நடுவுக்கு ஒரு நூல் கீழே நின்றிருக்கிறது, யாருக்கும் கண்ணில் படவில்லை. தெர்மோஸ்டாட் மலிவான பாகம். மாற்றியதும் அடுத்த ரிப்போர்ட்டில் 10-க்குத் திரும்பிவிட்டது.

கூடுதல் கட்டணத்தில் டிபிஎன் பார்க்கட்டுமா என்று படிவத்தில் கேட்பார்கள். ஆயிலில் அமிலத்தை எதிர்க்கிற சக்தி எவ்வளவு மிச்சம் என்று சொல்லும் அளவு அது. ஆயிலை நீட்டி ஓட்ட நினைக்கிறவர்களுக்கு வேண்டும். என்னைப் போலக் குறித்த கிலோமீட்டரில் மாற்றிவிடுகிறவர்களுக்கு வேண்டாம். ஒரு முறை போட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சமிருந்தது, அத்தோடு விட்டேன்.

இந்தப் பரிசோதனைக்குத் தெரியாத விஷயங்களும் நிறைய. பிளாஸ்மா முறையில் ஏறக்குறைய ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் சரியாகக் கணக்கில் வராது, பெரிதானால் எரியாமலேயே தப்பிவிடும். மெதுவான தேய்மானம் நுண்துகளாக வரும், அதைப் பிடித்துவிடும். ஆனால் பேரிங் ஒன்று திடீரென்று உரிந்து செதில் செதிலாக விழுந்தால், செதில்கள் போய்ச் சேருமிடம் ஆயில் ஃபில்டர். அதனால் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், கட்டரால் வெட்டி, காகிதத்தை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பது என் வழக்கம். மினுமினுவென்று எதுவும் இல்லை என்றால் நிம்மதி. காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் இரும்பா அலுமினியமா என்று அங்கேயே தெரிந்துவிடும். லேபும் ஃபில்டரும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும்.

உலோகமல்லாத பாகங்களைப் பற்றியும் லேபுக்கு எதுவும் தெரியாது. என் காரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி சலசலவென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ரிப்போர்ட்டுகளெல்லாம் பளிச்சென்று பச்சை. மெக்கானிக் அண்ணன் கேட்டதும், "செயின் கைடு தேஞ்சிருக்கு சார்" என்றார். பிரித்துப் பார்த்தால் கைடின் பிளாஸ்டிக் முகம் ஒரு இடத்தில் பள்ளம் விழுந்து ஓரம் உடைந்திருந்தது. "உங்க லேப் இதைச் சொல்லலையா?" என்று சிரிக்காமல் கேட்டார். ஏர் ஃபில்டர் விஷயத்துக்குக் கணக்குத் தீர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். வெளியே ஒழுகுகிற ஆயில் சீல், எரிந்த வால்வ், கம்ப்ரஷன் குறைவு, கியர் பாக்ஸ் இதெல்லாமும் எஞ்சின் ஆயில் ரிப்போர்ட்டில் வராது. கியர் ஆயிலுக்குத் தனி பாட்டில்.

முடிவு வரத் தாமதம் என்பது இன்னொரு குறை. ரிப்போர்ட் வருவதற்குள் புது ஆயிலில் நாம் பல நூறு கிலோமீட்டர் ஓட்டியிருப்போம். பெரும்பாலான விஷயங்களுக்கு இது பரவாயில்லை. கூலண்ட் கசிவு என்றால் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் அவசரச் சோதனை கேளுங்கள், அல்லது காரை நிறுத்தி வையுங்கள். பாட்டில் வழியில் கசிவதும் உண்டு. மூடியை இறுக்கி, உள்பையை ஒட்டி, அப்புறம்தான் வெளிப்பையில் போட வேண்டும்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சிலர், விற்பவரின் காரிலிருந்து சாம்பிள் எடுத்து அனுப்பிப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். செய்யலாம், ஆனால் அந்த ஆயில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதற்குச் சான்று இருந்தால் மட்டும். விற்பதற்கு முந்தின வாரம் ஆயிலை மாற்றிவிட்டால் எந்த எஞ்சினும் உத்தமனாகத்தான் தெரியும். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டராவது ஓடியிருக்க வேண்டும். அப்படி ஓடின ஆயிலிலும் நான் முதலில் பார்ப்பது கூலண்ட் அடையாளங்களையும் ஈயத்தையும்தான். அவை இரண்டும் கொஞ்ச தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும், மற்றவற்றுக்கு அடுத்தடுத்த ரிப்போர்ட்டுகள் வேண்டும். பில் காட்ட முடியாது, ஆயில் தேன் நிறத்தில் இருக்கிறது என்றால் லேபுக்குச் செலவழிக்காமல், கம்ப்ரஷன் சோதனைக்கும் குளிர்ந்த எஞ்சினை நம் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கும் நேரம் கேளுங்கள்.